ஓசூர்க் காட்டோரம்: எப்போது வரலாம், எங்கே நிற்கலாம்

முதுமலையிலோ பந்திப்பூரிலோ செய்வதுபோல டிக்கெட் எடுத்து, வண்டியில் ஏறி, யானை பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர் இல்லை ஓசூர். அதைத் தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது. இங்கே காட்டுக்குள் போவதைவிடக் காட்டோரத்தில் நிற்கத் தெரிந்திருப்பதுதான் முக்கியம். ஏரிக்கரை, ராகிக் கொல்லை, பாறைக் குன்று, ஆற்றங்கரை. எந்த மாதத்தில் எங்கே நிற்பது என்று தெரிந்தவருக்கு இந்த மண் அள்ளிக் கொடுக்கும். மற்றவர்கள் சிப்காட் தொழிற்பேட்டை மதிலையும் லாரி வரிசையையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பெங்களூருக்குத் தெற்கே பன்னார்கட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. அந்தக் காடு எல்லை தாண்டி ஜவளகிரிக் காட்டோடு சேர்கிறது. அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் என்று மேலகிரி மலைகள் காவிரிவரை இறங்குகின்றன. இதில் 504 சதுர கிலோமீட்டரை 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயம் வந்தது. அது 686 சதுர கிலோமீட்டர். அறிவிப்பின்போது அரசு வெளியிட்ட கணக்கில் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் இருந்தன. இந்த இரண்டும் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு சேர, மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று நீலகிரிவரை காடு அறுபடாமல் போகிறது. அந்த நீண்ட காட்டின் வடக்கு வாசலில்தான் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

யாரோடு நடப்பது

தனியாகப் போகாதீர்கள். தைரியத்தைப் பற்றிய பேச்சு இல்லை இது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நடப்பது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அதன் பிறகு வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் குழு கூப்பிட்டாலும், எவ்வளவு அழகான படம் போட்டுக் கூப்பிட்டாலும், போகக் கூடாது.

முறையாகப் போக ஒரு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அதில் இரண்டு கிடைத்தன: தேன்கனிக்கோட்டைப் பக்கம் அய்யூர் – சாமி ஏரி, மேலகிரியில் குத்திராயன் உச்சி. இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். முதல்முறை வருகிறவர்கள் சாமி ஏரிப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். குத்திராயன் கால் வலுவுள்ளவர்களுக்கு. ஏறுகிற மூச்சில் பறவை பார்க்கத் தோன்றாது.

இந்தக் காட்டை நன்றாக அறிந்த இன்னொரு கூட்டம் கென்னத் ஆண்டர்சன் நேச்சர் சொசைட்டி. ஓசூரை மையமாகக் கொண்டு, வனத்துறையோடு சேர்ந்து மேலகிரிக் காடுகளுக்காக உழைக்கும் தன்னார்வ அமைப்பு. பெயருக்குரியவர் 1910 முதல் 1974 வரை வாழ்ந்த பெங்களூர்க்காரர். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப் போன கதைகளை எழுதியவர். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரியும் கும்மளாபுரமும் வந்துவிடுகின்றன. இன்றைக்குத் தளி பஸ்ஸில் போகும்போது அந்த ஊர்ப் பலகைகளைப் பார்க்கலாம். அவர் எழுதிய புலிக்காலம் போய்விட்டது. இப்போது இங்கே பெரிய பூனை என்றால் பெரும்பாலும் சிறுத்தைதான்.

இப்படிப்பட்ட அமைப்பைச் சுற்றுலா நிறுவனம் என்று நினைத்து அணுகாதீர்கள். தன்னார்வலராகப் போங்கள். வேலை செய்யப் போகிறவருக்குக் காடு காட்டுகிற விஷயங்கள் வேடிக்கை பார்க்கப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. உதாரணத்துக்குச் சுருக்குக் கம்பி. காட்டோரக் கொல்லைகளின் வேலியை ஒட்டி நடந்து, பிரேக் கம்பி போன்ற மெல்லிய கம்பியில் கட்டிய கண்ணிகளைத் தேடி எடுக்கும் வேலை. வேலி இடுக்கில் முயலோ பன்றியோ தலையைக் குனிந்து நுழையும் உயரத்தில் வளையம் தொங்கும். துருப்பிடித்த கம்பி காய்ந்த கொடியின் நிறத்திலேயே இருப்பதால் நேராகப் பார்த்தாலும் கண்ணில் படாது. பக்கத்துப் புல் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மிதிபட்டிருக்கிறதா, வளையத்தின் மறுமுனையைக் கட்டிய குச்சியில் பட்டை உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்றிக்காக வைத்த வளையத்தில் சிறுத்தையின் இடுப்பு மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். ஒரு முறை இந்த வேலைக்குப் போய் வந்தவர் அதன் பிறகு எந்த வேலியையும் சும்மா கடந்து போகமாட்டார்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை

வருவதற்கு ஒரே ஒரு பருவத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்வேன். மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் காலைக் குளிர் ஸ்வெட்டர் கேட்கும். வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேரும். ராகிக் கதிர் முற்றும். ராகி முற்றினால் யானை வரும்.

நகரத்துக்குள்ளேயே தொடங்குங்கள். ராமநாயக்கன் ஏரிக்கு விடியலில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் எப்போதும் இருக்கும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தியைக் கவனியுங்கள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழே தொங்கவிட்டுப் பார்க்கும். மீன் நகர்ந்தால் தானும் இரண்டு முழம் நகர்ந்து மறுபடி நிற்கும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. பெயர் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று குழந்தையையே சொல்ல விடுங்கள்.

அடுத்து கெலவரப்பள்ளி அணை. தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் வந்ததும் நிற்கும் முதல் அணை. உயரம் 44.28 அடி. வாத்துகள், உள்ளான்கள், நாரைகள் என்று குளிர்காலத்தில் பார்க்க நிறைய இருக்கும். கூடவே வேறொன்றையும் பார்ப்பீர்கள். பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து வரும் தண்ணீர் மதகில் விழும்போது வெள்ளை நுரை மலைபோல எழும்பும். காற்றடித்தால் சாலைவரை பறக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எவ்வளவு நுரை, எந்தப் பறவை எந்தப் பக்கக் கரையில் என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைக்கிற குறிப்பு நாளைக்கு ஒரு வழக்குக்கோ ஆய்வுக்கோ ஆதாரமாகலாம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தங்குகிறவர்கள் கே.ஆர்.பி. அணைக்குப் போகலாம். பூங்காவில் கூட்டம் இருக்கும். நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஓரம் நடந்தால் அமைதி கிடைக்கும். ஆற்று ஆலா அங்குமிங்கும் பறக்கும். குளிர்காலமாக இருந்தால் காய்ந்த மரக்கிளையில் விராலடிப்பான் உட்கார்ந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். போகிற வழியில் வயல்களில் தகைவிலான் கூட்டமும் வாலாட்டிகளும் மின்கம்பியில் பனங்காடையும் உண்டு. சோளக்குருவிக் கூட்டம் கண்ணில் பட்டால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.

யானை

இது தனியாகச் சொல்ல வேண்டியது.

அக்டோபர் வாக்கில் பன்னார்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. வந்ததும் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று பரவுகின்றன. சானமாவுக் காடு ஓசூர் – கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியது. பேரண்டப்பள்ளி, போடூர்பள்ளம் பக்கத்தில் யானைகள் சாலையைக் கடக்கும் இரவுகளில் வனத்துறையினர் வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். கன்டெய்னர் லாரிகள் இருபுறமும் காத்திருக்க, குட்டியை நடுவில் விட்டுக் கூட்டம் கடந்துபோகும். இந்த நடமாட்டம் இந்த மாவட்டத்தோடு முடிவதும் இல்லை. 1980-களில் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய யானைகள்தான் கிருஷ்ணகிரி தாண்டி ஆந்திராவின் சித்தூர்க் காடுகளுக்குப் போய் அங்கேயே தங்கின. அவற்றுக்காகக் கௌண்டின்யா சரணாலயம் வந்தது.

யானைக்கு இது பாதை, உழவருக்கு இது வருஷத்துச் சாப்பாடு. ராகி, அவரை, தக்காளி, முட்டைக்கோஸ் என்று போட்டதெல்லாம் ஒரே இரவில் போய்விடும். பரண் கட்டி, டார்ச்சும் பட்டாசும் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கிறார்கள். ஆட்களும் சாகிறார்கள். யானைகளும் சாகின்றன. 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. ஆகவே யானை வந்திருக்கிறது என்ற செய்தி கேட்டுக் கேமராவோடு ஓடி வருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கூட்டத்தைக் காட்டுக்குத் திருப்ப வனத்துறையினர் பாடுபடும்போது எதிர்ப்பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் நின்றால் யானைக்குப் போக வழி இருக்காது. மிரண்டு திரும்பும் யானையிடம் முதலில் மாட்டுவது கொல்லைக்காரர்தான்.

அப்படியானால் யானையை எப்படிப் பார்ப்பது? தடத்தில் பாருங்கள். பகலில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு, யானை போய்விட்டது என்று உறுதியான பிறகு கொல்லையோரத்துக்குப் போங்கள். சாணியைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் இரவு உணவின் பட்டியலே கிடைக்கும். அரைகுறையாக மென்ற ராகித்தட்டு, புளியங்கொட்டை, மூங்கில் நார். மேலே பளபளப்பும் உள்ளே சூடும் இருந்தால் அதிக நேரம் ஆகவில்லை, உடனே திரும்பிவிடுங்கள். வெளிறி வெடித்துப் பூஞ்சை பிடித்திருந்தால் சில நாள் பழையது. முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்து அளக்கச் சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கொல்லைக்காரர் சொல்லுக்கு மறுபேச்சு கூடாது. “அந்தப் பக்கம் வேணாங்க, ஒத்தை நிக்குது” என்று சொன்னால் அன்றைக்கு நடை முடிந்தது என்று அர்த்தம். கூட்டத்தைவிட ஒற்றை ஆண் யானை ஆபத்தானது. ஜவளகிரி, அஞ்செட்டிச் சாலைகளில் மாலை மங்கிய பிறகு இரு சக்கர வண்டியில் போகவே போகாதீர்கள். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் அடிக்கவோ இறங்கவோ வேண்டாம். அது போன பிறகும் கொஞ்சம் பொறுங்கள். பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம்.

பாறையும் ஆறும்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, சூளகிரி சுற்றிலும் கருங்கல் குன்றுகள் எங்கு பார்த்தாலும் நிற்கின்றன. மேலகிரியின் பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடித் தொலைவிலிருந்தெல்லாம் பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. பாறை இடுக்குப் புதர்களில் பதுங்கும். குரல்தான் முதலில் கேட்கும். கல் குவாரிக்குக் குன்று போனால் இந்தப் பறவைக்கு மாற்று இடம் கிடையாது. சூளகிரி அருகே மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே பாறை ஓணானையும் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செம்மஞ்சளாகவும் பக்கவாட்டு கன்னங்கரேலென்றும் மாறியிருக்கும். அந்திக்குப் பிறகு கொம்பன் ஆந்தையின் குரல் கேட்டால் உங்களுக்கு நல்ல நேரம்.

காவிரிக் கரை வேறோர் உலகம். மேட்டூருக்கு எத்தனை கனஅடி வருகிறது என்று செய்தியில் நாள்தோறும் கேட்கிறோமே, அந்தப் பிலிகுண்டுலு இந்த மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம்தான் இருக்கிறது. கரையோரம் ஓங்கி நிற்கும் நீர்மருது மரங்களில் சாம்பல் மலை அணில் உண்டு. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கிளை வழியாகவே போகும் பிராணி அது. மரங்கள் கைகோத்து நிற்கும் வரைதான் அதற்கு வாழ்வு. நீரில் நீர்நாய், முதலை, பெரிய மென்னோட்டு ஆமை. இங்கே குளிக்க இறங்க வேண்டாம். ஆற்றங்கரைக்குப் போகும் காட்டுப் பாதைகளுக்கு வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்ற பிறகே கிளம்புங்கள்.

வெயிலிலும் மழையிலும்

பிப்ரவரி பாதிக்கு மேல் காடு இலையுதிர்த்து நிற்கும். புரசும் முள்ளிலவும் பூத்திருக்கும் மரத்தடியில் நின்றால் தேடி அலைய வேண்டியதில்லை. மைனா, கிளி, தேன்சிட்டு, கரிச்சான் எல்லாம் தாமே அங்கு வரும். ஆனால் இது தீக்காலம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். அந்த மாதங்களில் சாலையோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், சமையல் எதுவும் வேண்டாம். மே மாதத்தில் மாந்தோப்புகளைச் சுற்றிப் புள்ளி ஆந்தைக் குடும்பங்களைப் பார்க்கலாம்.

முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊரும். சுடலைக்குயில் கத்தும். ஜூன் முதல் கிணற்றோர மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும். கூடு பாதி முடிந்த நிலையில் பெண் பறவை வந்து சோதிக்கும் கட்டத்தைப் பார்க்க முடிந்தால் ஒரு முழுக் காலைப் பொழுதை அதற்குக் கொடுங்கள். தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்னும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் வண்ணத்துப்பூச்சிகள் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே வலசை போகின்றன. கருநீல வரியன்களும் வெந்தய வரியன்களும் ஒரே திசையில் தாழப் பறந்துபோவதைக் கண்டால் திசையையும் நேரத்தையும் குறித்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடந்தன என்று எண்ணுங்கள்.

வந்து சேரவும், வந்த பிறகும்

ஓசூருக்குப் பெங்களூரிலிருந்தும் சேலம், தருமபுரி வழியாகவும் ரயில் உண்டு. ராயக்கோட்டையிலும் நிலையம் இருக்கிறது. ஓசூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக்குப் பேருந்து கிடைக்கும். தங்குவதற்கு ஓசூர்தான் வசதி. பேச்சுக்குக் கவலை வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கே புழக்கத்தில் உண்டு.

மண் நிறத்தில் முழுக்கைச் சட்டையும் முழு நீளக் காற்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். உண்ணித் தொல்லை இருப்பதால் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுவது நல்லது. வாசனைத் திரவியம் வேண்டாம். 8x42 அளவுள்ள பைனாகுலர் போதும், குழுவில் இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால்கூடச் சமாளிக்கலாம். பறவையின் பதிவு செய்த குரலைப் போனில் போட்டு அதை வரவழைப்பதைச் சிலர் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குச் செய்யும் கொடுமை. மஞ்சள் தொண்டைச் சின்னான் விஷயத்தில் ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள்.

பார்த்ததை எழுதுங்கள். ஜனவரியில் பொங்கலையொட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு நல்ல சந்தர்ப்பம். நீங்கள் இருக்கும் இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். உங்கள் தொழிற்சாலை வளாகத்து மரங்களாக இருந்தாலும் சரி. தொழிற்பேட்டைக்குள் எந்தப் பறவை இருக்கிறது என்ற பதிவு காட்டுப் பதிவைவிட அரிது. அடையாளம் நிச்சயமில்லாத பறவையைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். யானை, கூடு, ஆந்தையின் பொந்து ஆகியவற்றின் இடத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். வனத்துறையினர் கூட இல்லாதபோது சுருக்குக் கம்பியையோ மின்வேலியையோ கண்டால் கை வைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.